இருட்டு மின்னோட்டம்

கத்திரி வெயிலின் பதினோராம் நாள்.
தரமணியில் இரவு ஒன்றரை மணிக்கும்
சுவர்கள் பகலை விடுவதாக இல்லை.

பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட்.
ஒட்டுநாடாவை அதன்மேல் அழுத்தி, உரித்து,
உரித்ததை மடித்து மீண்டும் உரித்து,
நுண்ணோக்கியின் கீழே மூன்று வாரம் தேடினால்
ஊதாநிறச் சிலிக்கான்மேல்
நிழலா அழுக்கா என்ற சந்தேகம்போல
ஓர் அணுத் தடிமனில் ஒரு துண்டு கிடைக்கும்.
வெங்காயம் உரிப்பவர்களுக்குத் தெரியும்
கடைசியில் ஒன்றும் இருக்காது என்று.
கடைசிக்கு முந்தைய உரிப்பில் நிறுத்த வேண்டும்,
அவ்வளவுதான் என் முனைவர் பட்டம்.

அந்தத் துண்டின் பெயர் கிராஃபீன்.
விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு
இரண்டு புள்ளி மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும்.
மீதியைப் போகவிடும்.
பத்து மாத அட்வான்ஸ் வாங்கிய
திருவல்லிக்கேணி வீட்டுக்காரர் தணிகாசலத்திடம்
இதை ஒருநாள் சொல்ல வேண்டும்.

எடுப்பதில் நிறம் பார்க்காது.
நீலம், சிவப்பு,
சிவப்புக்கும் கீழே கண்ணுக்கு வாய்க்காத நீண்ட அலைகள்,
அணைத்துவைத்த இஸ்திரிப் பெட்டி,
பணிமனையில் ஆறிக்கொண்டிருக்கும் 5சி பேருந்து,
நடைபாதை நாயின் வயிறு,
எதுவாக இருந்தாலும் உள்ளே வா என்னும்.

காகிதத்தில் அப்படி.
மேசையில் பதினோரு மாதமாக வந்தது இரைச்சல்.
பறக்கும் ரயில் போனால் நடுங்கும்,
ஏசி தும்மினால் துள்ளும்.
வெளிச்சமே இல்லாதபோதும் ஓடுகிற மின்னோட்டத்துக்கு
இருட்டு மின்னோட்டம் என்று பெயர்.
அதைக் கழித்துவிட்டு மீதியைப் பார் என்கிறார் கைடு.
கழித்தால் மீதி இல்லை.

மணலியிலிருந்து திரவ நைட்ரஜன் கொண்டுவரும்
நைனா முகமது உருளையை இறக்கிவைத்துக் கேட்டார்:
"குளிர வச்சாத்தான் இதுக்குக் கண்ணு தெரியுமாம்மா?"
ஆமாம் என்றேன்.
"மெட்ராஸ்ல நமக்கும் அதே கதைதான்" என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இன்றிரவு விளக்கை அணைத்தேன். மறைப்பை இறக்கினேன்.
ஒளியை நறுக்கும் தகடு மட்டும்
நொடிக்குப் பதினேழு முறை சுற்றிக்கொண்டிருந்தது,
நறுக்க ஒன்றுமில்லாமல்.
இருட்டை அளந்து வைத்தால் நாளை கழிக்கலாம்.

திரையில் கோடு எழுந்தது.

வயரை ஆட்டினேன். எர்த்தைப் பார்த்தேன்.
விளக்கின் பிளக்கையே பிடுங்கிப் போட்டேன்.
குனிந்து பார்த்தால் ஏறியது.
நாற்காலியைப் பின்னால் தள்ளினால் இறங்கியது.
மறுபடி குனிந்தேன், ஏறியது.
தகட்டுக்கு முன்னால் விரல்நகம் அளவில்
ஒரு துவாரம், நான் மூட மறந்தது.
அதற்கு நேர் எதிரே என் முகம்,
வீட்டுக்குச் சொல்லாத நாலு நாள் காய்ச்சலோடு.

லாக் புத்தகத்தில் எழுதினேன்:
02.40. சிக்னல் உண்டு. மூலம்: ஆபரேட்டர். நிராகரிக்கவும்.

பிறகு உடனே மூடவில்லை.
கன்னத்தைக் காட்டினேன். நாக்கை நீட்டினேன்.
உள்ளங்கையை மெல்ல அசைத்தேன்,
கோடும் அசைந்தது.
எனக்குத் தெரிந்தவர்களில்
இருட்டில் என்னைப் பார்த்து
இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொன்னவர் யாருமில்லை
என்று நினைத்து, உடனே வெட்கப்பட்டு,
மூடியைத் திருகினேன்.
கோடு தரையில் படுத்தது.
இரைச்சல் வழக்கம்போல் புல் மேய்ந்தது.

அளவு எடுத்து முடிக்க மணி ஐந்தாகிவிட்டது.
படியிறங்கும்போது கைப்பிடிக் கம்பி இளஞ்சூடு,
கேட்டில் தூங்கும் வேலாயுதத்தின் நெற்றி,
அவர் ஸ்கூட்டர், தண்ணீர்த் தொட்டி, வேப்பமரம்,
எல்லாம் எரிந்துகொண்டிருக்கும், எனக்குத் தெரியும்,
ஆனால் எனக்குத் தெரியவில்லை.
இருட்டாகத்தான் இருந்தது.

தரமணி நிலையத்தில் முதல் ரயில்.
பெட்டியில் ஏழெட்டுப் பேர்.
ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
இருக்கை சூடாக இருந்தது.
சற்றுமுன் யாரோ இறங்கிப் போயிருக்கிறார்.
திருவான்மியூர் வரும்வரை
அந்தச் சூடு என்னுடையதாக மாறுவதைக்
கழிக்காமல்
கவனித்துக்கொண்டிருந்தேன்.